இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்: இன்ஜெக்டர் சுத்தம் செய்த என் அனுபவம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நடுங்கும், சூடானதும் ஓரளவு அடங்கும். ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறு எண், அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). பிளக் மாற்றினேன், பிளக்கிற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டேன், கோளாறு எண் மாறவில்லை. அப்புறம் அந்த இரண்டு சிலிண்டர்களின் இன்ஜெக்டர்களை (பெட்ரோலைத் தூவும் வால்வுகள்) இடம் மாற்றினேன், உடனே பி0303 வந்தது. கோளாறு இன்ஜெக்டரில்தான்.

கழற்றும் முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் அழுத்தம் இருக்கும்போது கை வைத்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், தீ அபாயம்.

மல்டிமீட்டரில் நான்கு இன்ஜெக்டர்களுமே 12 ஓம் அளவில் காட்டியதால் அவற்றின் உள்ளே இருக்கும் மின்காயில் நன்றாக இருக்கிறது, அழுக்குதான் பிரச்சினை என்று புரிந்தது. இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் கடையில் கொடுத்தேன். அங்கே டெஸ்ட் பெஞ்சில் மூன்று இன்ஜெக்டர்கள் புகைபோலத் தூவின, இது மட்டும் ஒரே கோடாக ஒழுகியது, அளவுக்குழாயிலும் இதன் மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைவு. பழைய ஃபில்டர்களைப் பிடுங்கிவிட்டு, அல்ட்ராசானிக் தொட்டியில் திறந்து மூடும் பல்ஸ் கொடுத்தபடியே சுத்தம் செய்தார்கள். அந்த பல்ஸ் முக்கியம், வெறுமனே ஊறப்போட்டால் மூடியிருக்கும் வால்வுக்குள் திரவம் சரியாகப் போகாது. இரண்டாவது சோதனையில் நான்கு குழாய்களும் ஒரே மட்டம்.

புது ஃபில்டர், புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). பழைய ஓ-ரிங்கை மட்டும் திரும்பப் போடாதீர்கள். லேசாக இன்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்தி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கசிவு பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) இப்போது ஆடாமல் நிற்கிறது.