1482 உல்ம் உலக வரைபடத்தைப் படிப்பது எப்படி?

பழைய வரைபடத்தைப் பார்த்ததும் பலரும் "ஐயோ, எவ்வளவு தப்பு!" என்று சொல்லிவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடித்தான் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். இன்று நாம் பார்க்கப்போவது, ஜெர்மனியின் உல்ம் நகரில் 1482இல் அச்சான உலக வரைபடம்.

படி 1: ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் இன்னொரு பாணிப் படம்: ஒரு வட்டம். தாளில் வட்டம் போட்டு, நடுவே குறுக்குக் கோடு இழுங்கள். அதன் நடுவிலிருந்து கீழே இன்னொரு கோடு. மேல் பாதி ஆசியா, கீழே இடப்பக்கம் ஐரோப்பா, வலப்பக்கம் ஆப்பிரிக்கா. இந்த வகைப் படத்தில் கிழக்குதான் மேலே. குறுக்குக் கோட்டின் இடப்பாதி ரஷ்யாவின் தொன் ஆறு, வலப்பாதி நைல். கீழிறங்கும் கோடு மத்தியதரைக் கடல். 1472இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அச்சான, 7ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஆயர் இசிதோரின் நூலில் இந்தப் படம்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் அச்சேறிய முதல் வரைபடம் இது.

படி 2: உல்ம் படத்தைத் திறங்கள். பெரிய நூலகங்களின் தளங்களில் தெளிவான பிரதி இலவசமாகவே கிடைக்கும். சுற்றிலும் காற்றை ஊதும் முகங்களை ரசித்துவிட்டு, விளிம்பிலுள்ள எண்களுக்கு வாருங்கள். கி.பி. 150 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த புவியியலாளர் தாலமி, சுமார் 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தார். அந்தக் கணக்குதான் இங்கே படமாகியிருக்கிறது. இடது ஓரத்தில் கேனரித் தீவுகள் 0 பாகை; அங்கிருந்து கிழக்கே 180 பாகை வரை.

படி 3: தெரிந்த கரையிலிருந்து நகருங்கள். மத்தியதரைக் கடலைப் பிடியுங்கள். பிறகு செங்கடல், பாரசீக வளைகுடா. அடுத்து இந்தியா, இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். நமக்குப் பழகிய முக்கோணமே இருக்காது! கரை தெற்கே இறங்காமல் கிழக்கு நோக்கி ஓடும். அதன் கீழே பூதாகரமாக ஒரு தீவு, தப்ரபானா. நம் இலங்கைதான், ஆனால் நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போகிறது.

ஏன் இப்படி? மாலுமிகள் சொன்ன பயண நாட்களைத்தான் தாலமி தூரமாக மாற்ற வேண்டியிருந்தது. நாள் கணக்குக்குத் திசை தெரியாது. அப்படியிருந்தும் அவர் பட்டியலின் 7ஆம் புத்தகத்தில், பாண்டியனின் அரச நகரமாக மதுரை இருக்கிறது. அந்த வரியைப் படித்த அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

படி 4: தெற்கே பாருங்கள். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஒரு நிலம் இணைக்க, இந்தியப் பெருங்கடல் ஏரிபோல அடைபட்டிருக்கும். படம் அச்சாகி 6 ஆண்டுகளில், 1488இல், போர்த்துகீசிய மாலுமி பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டார்.

படி 5: மேல் விளிம்பைப் பெரிதாக்குங்கள். மரக்கட்டையில் இதைச் செதுக்கிய ஆர்ம்ஸ்ஹைம் ஊர் யோகான்னஸின் பெயர் இருக்கும். லத்தீன் பெரிய எழுத்தான 'என்' திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். அச்சில் நேராக விழ, கட்டையில் எல்லா எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். நேராகவும் புரட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும் அந்த எழுத்தில் அவர் கை வழுக்கியிருக்கிறது.