ஒவ்வொரு பேட்டரிக்கும் தனிக் கண்காணிப்பு: சார்ஜரை மாற்றிய என் அனுபவம்
இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் டார்ச் விளக்கில் சீக்கிரமே மங்கிப்போனதால், குறை பேட்டரியிலா சார்ஜரிலா என்று நிதானமாக ஆராய்ந்தேன். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் தொட்டுப் பார்த்தபோது ஒன்று கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது. அதன் ஜோடியோ வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அந்தச் சார்ஜர் இரண்டு பேட்டரிகளை ஒரே தொடராக இணைத்து, குறிப்பிட்ட நேரம் வரை மின்னோட்டம் செலுத்தும் வகையைச் சேர்ந்தது. கடிகாரத்திலிருந்து பாதிச் சார்ஜுடன் வந்த பேட்டரி நிரம்பிய பின்னும் சூடாகிக்கொண்டிருக்க, டார்ச்சில் முழுவதும் தீர்ந்திருந்தது அரைகுறையாகவே வெளிவந்தது.

ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் தனிக் கட்டுப்பாடும் தனி விளக்கும் உள்ள சார்ஜரைத் தேர்ந்தெடுத்தேன். பேட்டரி நிரம்பியதும் அதன் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டுச் சில மில்லிவோல்ட் இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு தானாகவே நிறுத்திக்கொள்ளும் வசதிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்றும் வேகமும் கவனிக்கத்தக்கது: 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 1000 மில்லி ஆம்பியர் அளவு பொருந்தும், மின்னோட்டம் மிகவும் குறைந்தால் அந்த இறக்கம் சார்ஜருக்குப் புலப்படாமலே போகலாம், 15 நிமிடத்தில் ஏற்றிவிடும் வேகமோ சூட்டினால் ஆயுளைக் குறைக்கும். (சாதாரண ஆல்கலைன் பேட்டரியை இதில் போடவே கூடாது, கசியும், வெடிக்கவும் கூடும்.)

சோர்ந்திருந்த பேட்டரிகளின் சார்ஜை முழுவதும் தீர்த்து மீண்டும் ஏற்றும் வசதியும் இதில் இருந்ததால் சில மீண்டுவந்தன; மீளாதவற்றை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டேன்.