தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஜர்னலிசம் படிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் கோளாறு விண்ணப்பம் போடும்போதே நடந்துவிடுகிறது. விஸ்காமும் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்) ஜர்னலிசமும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். விஸ்காமில் கேமரா, எடிட்டிங், கிராபிக்ஸ், விளம்பரம்தான் பெரும்பகுதி; செய்தி எழுதுவது பெரும்பாலும் ஓரிரு தாளோடு நின்றுவிடும். நிருபராக ஆசைப்படுபவர் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும். நம் இரண்டு மாவட்டமும் சேலம் பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகின்றன. அங்கே இதழியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. முதுகலை இதழியலுக்குப் பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். பி.ஏ. பொருளாதாரமோ வரலாறோ முடித்துவிட்டுப் போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பட்ஜெட் படிக்கத் தெரிந்த நிருபர் எந்த அலுவலகத்துக்கும் வேண்டும்.

அடுத்தது பிரஸ் கார்டு மோகம். சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு அடையாள அட்டையும் பைக்கில் ஒட்ட ஸ்டிக்கரும் தரும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சம்பளம் தர வேண்டியவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. அரசு அங்கீகார அட்டை செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக, நிறுவனத்தின் பரிந்துரையின் பேரில் வருவது. அச்சுப் பத்திரிகை என்றால் அதன் தலைப்பு பத்திரிகைப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். தாலுகா பகுதிநேர நிருபர் வேலைக்குப் போகிறவர்கள், விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்களா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

டி.வி.யில் முகம் தெரிந்தால்தான் வேலை என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. உதவி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், தகவல் சரிபார்ப்பவர், தொண்டு நிறுவனத் தொடர்பு அலுவலர், ஆலைகளின் மக்கள் தொடர்புப் பிரிவு என்று முகம் தெரியாத நாற்காலிகளே அதிகம். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தெலுங்கையும் கன்னடத்தையும் பயோடேட்டாவில் எழுதுவதே இல்லை. பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில் இருக்கும்போது இது பெரிய இழப்பு.

இனி ஆய்வு. சொதப்பல் அதிகம் நடப்பது இங்கேதான். ‘தருமபுரி மாவட்ட இளைஞர்களிடம் சமூக ஊடகத்தின் தாக்கம்’ என்று தலைப்பு வைப்பார்கள். கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து, சொந்த வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். நூறு பேர் நிரப்பியதும் ‘மாவட்ட இளைஞர்களில் இத்தனை சதவீதம்’ என்று எழுதிவிடுவார்கள். சித்தேரி மலையில் இருப்பவருக்கும் பீடி சுற்றும் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த ஃபார்ம் போகவே இல்லை. அதோடு, ஒரே ஒரு முறை கேட்ட கேள்விகளை வைத்துத் ‘தாக்கம்’ என்று சொல்லவும் முடியாது. அதிகம் போன் பார்ப்பவர் குறைவாகத் தூங்குகிறார் என்று தெரியவந்தால், போனால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் போனை எடுத்தாரா? ஆய்வேட்டை வைத்து நடத்தும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வரும்.

செய்தித்தாள்களை ஆராய்பவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். அதனால் செவ்வாய்க்கிழமை மாவட்டப் பக்கம் முழுக்க மனுவும் தர்ணாவும்தான் இருக்கும். வசதிக்காக வாரத்தில் ஒரே கிழமைப் பேப்பரை எடுத்தால் முடிவு அப்படியே சாய்ந்துவிடும். ஒரு வாரத்தின் திங்கள், இன்னொரு வாரத்தின் செவ்வாய் என்று குலுக்கி எடுத்து வாரத்தைக் கட்டமைக்கும் முறை இதற்காகவே இருக்கிறது. எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். சென்னைப் பதிப்பின் இ-பேப்பரைப் புரட்டிவிட்டு ‘தருமபுரிச் செய்திகள் இடம்பெறவில்லை’ என்று எழுதினால் சிரிப்பார்கள்; தினமணிக்குத் தருமபுரியிலேயே பதிப்பு இருக்கிறது. செய்திகளை வகைப்படுத்தும்போது நீங்கள் மட்டும் பிரிக்காமல் இன்னொருவரையும் தனியாகப் பிரிக்கச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு நம் ஊர் விஷயத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவதுதான். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் ஜப்பான் கடனுதவியோடு வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் ஒரு வீடு போர்வெல் தண்ணீரையே குடித்தால், அந்த வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் நம்பவில்லையா? இது முழுக்க முழுக்கத் தொடர்பியல் கேள்வி. இந்த ஊர்க்காரருக்கு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் உரிமையும் உண்டு. இதை விட்டுவிட்டு ஏன் இன்ஸ்டாகிராம் பின்னால் ஓட வேண்டும்?

அடையாளத்தை வெளியிடுவதில் மட்டும் கைதவறக் கூடாது. குழந்தைத் திருமணம், பாலியல் குற்றம் பற்றிய செய்திகளில் பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பள்ளியையும் அப்பாவின் தொழிலையும் எழுதிவிடுகிறார்கள். கிராமத்தில் அதற்குமேல் என்ன வேண்டும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம் என எல்லாவற்றையும் தடுக்கிறது. ஆய்வேட்டிலும் அதே கவனம் வேண்டும்.

பிஎச்.டி. எண்ணம் இருப்பவர்கள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து அந்த மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். பணம் வாங்கிக்கொண்டு வாரத்தில் கட்டுரை போடும் ஆய்விதழ்கள் பக்கம் போகாதீர்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிவந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தைப் பார்ப்பது இனி உங்கள் பொறுப்பு. சாட்ஜிபிடி தரும் மேற்கோள் நூல்களில் பிறக்கவே பிறக்காத நூல்களும் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

இணையத்தில் கிடைக்காதது இல்லவே இல்லை என்று முடிவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அரூர் பக்கத்து வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் கொடுமை நடத்தியது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றம் 215 பேரைத் தண்டித்தது 2011 செப்டம்பரில். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். இந்த 31 ஆண்டுகளில் பத்திரிகைகள் எப்போது எழுதின, எப்போது மௌனமாயின என்று தேடுபவருக்குக் கூகுள் பாதிவரைதான் வரும். 1992ஆம் வருடத் தமிழ்ப் பேப்பருக்குச் சென்னை கன்னிமாரா நூலகத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, எந்த ஆண்டுக் கட்டு இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.