ஐ.வி. பயிற்சி சிமுலேட்டர் கைக்கு ஒத்துவருகிறதா? சோதிக்கும் முறை

ஐ.வி. (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் ஊசி) போடப் பழகுவதற்காக, ஸ்டைலஸால் (ஊசிக்குப் பதிலான பேனா போன்ற கோல்) குத்தும்போது தோலின் எதிர்ப்பு கையில் தெரியும் சிமுலேட்டரை மாணவர்களிடம் கொடுக்கும் முன், மெஷினைச் சோதியுங்கள். விசையை அது விநாடிக்குச் சுமார் 1000 தடவை கணக்கிட வேண்டும். திரைக்கு 60 போதும். கம்ப்யூட்டர் திணறினால் தோல் அதிரும், இல்லையென்றால் கொழகொழவென்று ஆகிவிடும். ஸ்டைலஸைக் குழியில் வைத்துத் தொடங்கும் மாடல்களில், அது சரியாக உட்காராவிட்டால் ஊசிமுனை திரையில் தள்ளி நிற்கும். இந்தக் கோளாறோடு சோதனை நடத்தினால் பழி மாணவர்மேல் விழும்.

குறைகளைக் கண்டுபிடிக்க ஐந்தாறு மாணவர்கள் போதும். கூடவே வார்டில் தினமும் ஐ.வி. போடும் நர்ஸ்கள் இரண்டு மூன்று பேர் கட்டாயம் வேண்டும். மாணவர் சுலபமாக முடித்த இடத்தில் நர்ஸ் தடுமாறினால் மெஷினைச் சந்தேகப்படுங்கள்.

வேலை ஒன்றே ஒன்று: ரத்தநாளத்தைக் கண்டுபிடித்து, கேனுலாவை (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) ஏற்றி, ரத்தம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். எந்தப் பட்டன் என்று சொல்லித்தராதீர்கள். ஒரு கேமரா திரைக்கு, ஒன்று கைக்கு. நேரம், தவறு, உதவி கேட்ட இடம், கை சும்மா நின்ற இடம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

கையை உற்றுப் பாருங்கள். பல கருவிகள் மூன்று திசைகளில் மட்டுமே விசை தரும்; சாய்வை எதிர்க்காது. உண்மையான தோல் ஊசியின் தண்டையே பிடித்து நிறுத்தும். இங்கே முனை உள்ளே போன பிறகும் ஸ்டைலஸைத் தாராளமாகச் சாய்க்கலாம். 15 டிகிரியில் நுழைந்தவர் 40-க்கு ஏற்றினாலும் கைக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பழக்கம் நோயாளியின் கையில் ரத்தநாளத்தின் மறுபக்கத்தையும் துளைத்துவிடும். ஆகவே கோணம் மாறும்போது திரை எச்சரிக்கிறதா என்று பாருங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம்.

குத்தும்போதே பேசச் சொன்னால் கை தப்பும். முடிந்ததும் வீடியோவைப் போட்டுக் கேளுங்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வார்டில் மலையாளம், பாடம் ஆங்கிலத்தில். தமிழில் கேட்டால்தான் மனசில் இருப்பது வெளியே வரும்.

எஸ்யுஎஸ் (System Usability Scale, ஒரு கருவி பயன்படுத்த எளிதா என்று அளக்கும்) கேள்வித்தாளை அந்தப் பேச்சுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஜான் ப்ரூக் 1986-ல் உருவாக்கியது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; ஒற்றை எண்கள் பாராட்டு, இரட்டை எண்கள் குறை. கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 5 போட்டவரை இதிலேயே பிடித்துவிடலாம். ஒற்றையில் 1 கழியுங்கள், இரட்டையை 5-லிருந்து கழியுங்கள், கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். ஒற்றையில் எல்லாம் 4, இரட்டையில் எல்லாம் 2 என்றால் 75. சராசரி 68 என்பார்கள். இது சதவீதம் அல்ல. பிடித்திருக்கிறதா என்பதைத்தான் இது சொல்லும், கற்றார்களா என்பதை அல்ல.

திருத்திய பிறகு மறுசோதனைக்குப் புது மாணவர்களைக் கூப்பிடுங்கள். பழையவர்களுக்கு மெஷினின் கோணல் ஏற்கெனவே பழகியிருக்கும்.