கலை வரலாறு கற்கத் தொடங்குபவருக்கு: முதல் மூன்று மாதங்கள்

கலை வரலாறு படிக்க ஆசைப்படும் பலர் முதலில் ஒரு தடித்த நூலை வாங்குகிறார்கள். குகை ஓவியத்தில் தொடங்கி எகிப்து, கிரேக்கம் என்று நகர்ந்து, ரோமை எட்டும்போது ஆர்வம் வற்றிவிடுகிறது. இதற்குச் சோம்பல் காரணமல்ல. ஒரு படைப்பைக்கூட நிதானமாகப் பார்த்துப் பழகாதவர் மனத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களும் ஆண்டுகளும் ஒட்டுவதற்கு இடமே இருக்காது. எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரு படைப்பு. பிறகு அதைப் பற்றிய வாசிப்பு. காலகட்டமும் பாணியும் கடைசியில். வாரத்துக்கு ஒரு படைப்பு, அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

முதல் வாரம்: ஒரே ஓவியம்

யான் வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியம் தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது; அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பாருங்கள். அதுவரை அதைப் பற்றி எதுவும் படிக்க வேண்டாம். கண்ணில் படுவதை மட்டும் இருபது வரியாவது எழுதுங்கள்.

ஆண், பெண், நாய், கட்டில் என்று எழுதியதும் கை நின்றுவிடும். உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிவதும், தரையில் கழற்றிவிட்ட மரச்செருப்பும், சன்னலோரப் பழங்களும் அப்போதுதான் தெரியும். பின்சுவரில் உள்ள குவியாடியில் இருவரின் முதுகும், வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். ஆடிக்கு மேலே ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434’ என்று எழுதியிருக்கிறது. இன்னும் சில கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது? யார் யாரைப் பார்க்கிறார்கள்? உரோமமும் பித்தளையும் வேறுவேறாகத் தெரிய ஓவியர் என்ன செய்திருக்கிறார்? கடைசியாக, முக்கியமான உருவங்களின் இடத்தை மட்டும் காட்டும் உள்ளங்கை அளவுக் கோட்டுப்படம் ஒன்று போடுங்கள். அழகாக வரவேண்டியதில்லை, கை வரையும்போது கண் விட்டுவிட்டதைப் பிடித்துவிடும்.

எழுதும் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பார்த்ததையும் வலப்பக்கம் ஊகித்ததையும் எழுதுங்கள். ‘பெண் பச்சை உடையை வயிற்றருகே தூக்கிப் பிடித்திருக்கிறாள்’ என்பது இடப்பக்கம். ‘அவள் கர்ப்பிணி’ என்பது வலப்பக்கம். உண்மையில் அவள் கர்ப்பிணி அல்ல என்பதே அருங்காட்சியகத்தின் கருத்து. மிகுந்த துணியால் தைத்த பாவாடையை அக்கால வழக்கப்படி அள்ளிப் பிடித்திருக்கிறாள். முதல் மாதத்தில் நேரும் தவறுகளில் பாதி இந்த இரண்டு பக்கங்களும் கலந்துபோவதால் வருபவை.

இனி படிக்கலாம். முதலில் அருங்காட்சியகம் தரும் விளக்கம், பிறகு ஒரே ஒரு கட்டுரை. இந்த ஓவியம் ஒரு திருமணத்துக்கான சான்றுப் பத்திரம் போன்றது என்ற விளக்கம் 1934இல் வெளிவந்து பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. பிறகு ஓர் ஆவணம் கிடைத்தது. இந்தத் தம்பதி என்று கருதப்பட்டவர்களின் திருமணம் 1447இல், அதாவது ஓவியத்துக்கு 13 ஆண்டுகள் கழித்து, நடந்ததாக அது காட்டியது. இப்போது ஓவியத்தில் இருப்பவர் அதே குடும்பத்தின் வேறொருவராக இருக்கலாம் என்கிறார்கள். எந்த விளக்கத்தைப் படித்தாலும் ‘இது எப்படித் தெரிந்தது?’ என்று கேளுங்கள். பதில் ஓர் ஆவணமா, கல்வெட்டா, நிறமிச் சோதனையா, அல்லது வெறும் ஊகமா என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

பெயர்ப்பலகையை வாசிப்பது

அருங்காட்சியகத்தில் படைப்பின் அருகே உள்ள பலகையில் ஓவியர் பெயர், தலைப்பு, காலம், பொருள் (எதனால் செய்தது), அளவு, சேர்க்கை எண் (அருங்காட்சியகப் பதிவெண்) என ஐந்தாறு வரிகளே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. ‘ரெம்பிராண்ட்’ என்றால் அவரே வரைந்தது. ‘ரெம்பிராண்டினுடையதாகக் கருதப்படுவது’ என்றால் உறுதி குறைவு. ‘ரெம்பிராண்டின் பட்டறை’ என்றால் அவர் கண்காணிப்பில் உதவியாளர்கள் செய்தது. ‘ரெம்பிராண்டைப் பின்பற்றியவர்’ என்றால் அவருடைய பாணியில் வேறொருவர் வரைந்தது.

அளவைப் பார்க்காமல் விடவே கூடாது. திரையில் மோனா லிசாவும் பிக்காசோவின் குவெர்னிக்காவும் ஒரே அகலத்தில் தெரியும். முதலாவது 77 × 53 செ.மீ. மட்டுமே, இரண்டாவது ஏறக்குறைய 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்டது. அளவுநாடாவால் சுவரில் அளந்து பென்சிலால் மூலைகளைக் குறித்துப் பாருங்கள். ஒன்றின் முன் குனிந்து பார்ப்பீர்கள். மற்றதைப் பார்க்கப் பின்னால் நகர வேண்டியிருக்கும்.

பொருள்தான் பாணியைத் தீர்மானிக்கிறது என்று சொல்லுமளவுக்கு ‘பொருள்’ என்ற வரி முக்கியம். முட்டைக் கருவில் குழைத்த டெம்பெரா வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதனால் நிழலை நுண்ணிய கோடுகளை அடுக்கித்தான் காட்ட முடியும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் ஒன்றையொன்று கரைத்து இழைக்கலாம். வான் ஐக்கின் உரோமம் அப்படி வந்ததுதான். ஈரச் சாந்தின்மேல் வண்ணம் தீட்டும் ஃப்ரெஸ்கோ முறையில், ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கே ஈரச் சாந்து பூசுவார்கள். ஜோட்டோ சுமார் 1305இல் இத்தாலியின் பதுவாவில் தீட்டிய சுவர்களில் அந்தச் சாந்துத் துண்டுகளின் விளிம்பை இன்றும் காணலாம். அங்கே சில நீல ஆடைகள் திட்டுத்திட்டாக இருப்பதைக் கண்டு அப்படியே வரைந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நீலத்தைப் பெரும்பாலும் காய்ந்த சுவரின்மேல் பூசினார்கள். அது சாந்தோடு சேராமல் உதிர்ந்துவிட்டது. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) ஓவியமும் இரவுக் காட்சி அல்ல. மேற்பூச்சு கறுத்ததால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1715இல் இடம் மாற்றியபோது அதன் ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள். ‘செய்தபோது இது இப்படித்தான் இருந்ததா?’ என்பதை ஒவ்வொரு படைப்பிடமும் கேட்க வேண்டும்.

இரண்டை அருகருகே வையுங்கள்

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒப்பிடத் தொடங்கலாம். கருப்பொருள் ஒன்றாகவும் காலம் வேறாகவும் உள்ள இணையே சிறந்தது. ஃப்ளோரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் உள்ள, அரியணையில் அமர்ந்த மரியாளை சிமாபுவே, ஜோட்டோ இருவரும் வரைந்த ஓவியங்களுக்கு இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்காது. சிமாபுவேயின் துணிமடிப்புகள் பொன் கோடுகளாகவே நிற்கின்றன. ஜோட்டோவின் மரியாளுக்கு முழங்காலும் எடையும் உண்டு. அவளைச் சுற்றியுள்ளவர்களில் சிலரை முன்னால் நிற்பவர்கள் மறைக்கிறார்கள். இந்த வேறுபாட்டை நீங்களே ஐந்து வரியில் எழுதிவிட்டால், ‘மறுமலர்ச்சிக் காலம்’ பற்றிய பாடம் பாதி முடிந்துவிடும். அடுத்து டிஷனின் ‘உர்பினோவின் வீனஸ்’ (1538), மனேயின் ‘ஒலிம்பியா’ (1863) இரண்டையும் எடுங்கள். அங்கே உறங்கும் நாய் இங்கே கறுப்புப் பூனையாகிறது. பழையதைத் தெரிந்தே மனே புதியதை வரைந்திருக்கிறார்.

காலப்பட்டை

ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டையில் 1000 முதல் 2000 வரை குறியுங்கள்: 10 செ.மீ.க்கு ஒரு நூற்றாண்டு. இயக்கங்களின் பெயர்களை அதில் எழுத வேண்டாம். பார்த்து முடித்த படைப்புகளை மட்டும் ஒட்டுங்கள். சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி, 12ஆம் நூற்றாண்டில் ஜாங் ஸெதுவான் வரைந்த சீன ஆற்றோரக் காட்சிச் சுருளோவியம், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் பித்தளைத் தகடுகள், சுமார் 1615–18இல் முகலாய ஓவியர் பிசித்ர் வரைந்த ஜஹாங்கீர், வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ (1656), ஹொக்குசாயின் பேரலை (சுமார் 1831), மோனேயின் ‘சூரியோதயம்’ (1872) ஆகியவை இடம்பெறட்டும். ஐரோப்பாவை மட்டும் ஒட்டினால் நாடுகளுக்கு இடையிலான தொடர்புகள் தெரியாது. பிசித்ரின் ஓவியத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் நிற்கிறார். ஐரோப்பிய ஓவியம் முகலாய அரசவைக்கு வந்ததற்கு அதுவே சான்று.

படைப்பு முதலில் எங்கே இருந்தது என்பதையும் குறியுங்கள். உற்சவத் திருமேனியின் பீடத்திலுள்ள துளைகள் தூக்கிச் செல்லும் தண்டுகளுக்கானவை. பட்டும் மாலையும் மறைத்த நிலையில்தான் மக்கள் அதைக் கண்டார்கள். சீனச் சுருளைச் சுவரில் விரித்து மாட்டவில்லை. வலமிருந்து இடமாகக் கை அகலத்துக்கு விரித்துப் பார்த்தார்கள். பெனின் தகடுகள் அரண்மனைத் தூண்களை அலங்கரித்தவை. 1897இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துச் சென்றது.

நேரில் போகும்போது ஒரு முறைக்கு மூன்று படைப்புகள் போதும். அதற்கு மேல் கண் களைத்து, பலகையை மட்டுமே வாசிக்கத் தொடங்கிவிடும். பல இடங்களில் பேனாவுக்கு அனுமதி இல்லாததால் பென்சில் எடுத்துச் செல்லுங்கள். பார்த்துக் குறிப்பெழுதும்வரை புகைப்படம் எடுக்க வேண்டாம். சிற்பமாக இருந்தால் முடிந்தவரை பின்பக்கமும் போய்ப் பாருங்கள். ஓவியமாக இருந்தால், ஒளி கூசும் கோணத்திலிருந்து பக்கவாட்டாகப் பாருங்கள். தூரிகை எங்கே தடித்தது, எங்கே வழுக்கியது என்பதை எந்தத் திரையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.