ஆலய வரலாறு எழுதுமுன்: வடசென்னை மெதடிஸ்ட் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கத்துப் பழைய சபைகளில் நூற்றாண்டு விழா நெருங்கினால் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கும்: வரலாற்று நினைவு மலர் வெளியிடுவதும் ஆலயத்தைப் புதுப்பிப்பதும். மலருக்கு வேண்டிய சான்றைப் புதுப்பிக்கும் வேலையே அழித்துவிடுகிறது. பதிவேடு தொலைந்துபோன சபைக்குக் கட்டடம்தான் மிஞ்சிய ஆவணம். எனவே கொத்தனார் கரண்டியை எடுப்பதற்கு முன்பே வரலாற்றுக் குழு எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்து, குறித்துவைத்திருக்க வேண்டும்.

முதல் தவறு, ‘மெதடிஸ்ட்’ என்றால் ஒரே சபை என்று நினைப்பது. 1817-இல் மிஷனரி ஜேம்ஸ் லிஞ்ச் இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்ததோடு தொடங்கியது இங்கிலாந்தின் வெஸ்லியன் மிஷன். 1870-களில் அமெரிக்கப் போதகர் வில்லியம் டெய்லரின் எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வளர்ந்தது அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை. வெஸ்லியன் சபை 1932-இல் பிரிட்டனின் மற்ற மெதடிஸ்ட் பிரிவுகளோடு இணைந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது, வெஸ்லியன் வழியின் தென்னிந்திய சபைகள் அதில் கலந்தன. அமெரிக்க வழிச் சபைகள் அதில் சேரவில்லை. 1981-இல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றன. ஆகவே இன்று சி.எஸ்.ஐ. பலகை தொங்கும் ஆலயத்தின் பழைய தாள்களில் ‘வெஸ்லியன்’ என்று இருந்தால் அதில் முரண் எதுவும் இல்லை. இது தெளியாவிட்டால் தேடல் தவறான கடலில் வலை வீசுவதாகிவிடும். வெஸ்லியன் மிஷன் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் உள்ளன. அமெரிக்க மெதடிஸ்ட் ஆவணக் காப்பகம் நியூஜெர்சியின் ட்ரூ பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

அடுத்தது, ஒரே ஒரு ஆண்டைப் பிடித்துக்கொள்வது. சபை கூடத் தொடங்கியது, நிலம் வாங்கியது, அடிக்கல் நாட்டியது, பிரதிஷ்டை செய்தது, பின்னால் நீட்டிக் கட்டியது ஆகிய ஐந்தும் வெவ்வேறு ஆண்டுகளாக இருக்கலாம். பள்ளிக்கூட அறையிலோ ஒருவர் வீட்டிலோ பல ஆண்டுகள் கூடிய பிறகே ஆலயம் எழுப்பிய சபைகள் ஏராளம். ஒவ்வொன்றையும் தனி வரியில், எந்தச் சான்றிலிருந்து கிடைத்தது என்ற குறிப்போடு எழுதுங்கள். வாய்மொழியாக வந்த ஆண்டை ‘வாய்மொழி’ என்றே போடுங்கள். அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

கட்டடத்தில் பொறித்த எண்கள் இன்னும் அதிகமாக ஏமாற்றும். கூரை ஓட்டில் ‘பாசல் மிஷன், 1865’ என்று இருந்தால், அது அந்த மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு பல பத்தாண்டுகள் கழித்துச் சுட்டதாகவும் இருக்கலாம். இரும்பு உத்தரத்தில் ‘டோர்மன் லாங்’ என்றிருந்தால் செய்த ஆலை தெரியும், அவ்வளவே. மணியும் நினைவுக் கல்லும் வேறு ஆலயத்திலிருந்து வந்திருக்கலாம். தமிழ் எண்களில் வெட்டிய கல்லை எழுத்தாகப் படித்துவிடுவதும் உண்டு: ௭ என்பது ஏழு, ௮ என்பது எட்டு, ௲௮௱௬௰௫ என்றால் 1865. ௵ வருடத்தையும் ௴ மாதத்தையும் குறிக்கும். கல்லில் பெயின்ட் பூசியிருந்தால் உளியால் சுரண்டாதீர்கள். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே எழுத்தின் நிழல் விழும்.

இனி, பெருஞ்சேதம் செய்யும் தவறு: சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து மேற்பரப்பு வழியே உலர்த்திக்கொள்ளும். சிமென்டும் அக்ரிலிக் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் பூச்சுக்கு மேல் ஏறும். கடலோர உப்பு உள்ளேயே படிகமாகி, பூச்சு செங்கலின் முகத்தோடு பெயர்ந்து விழும். வடசென்னையில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டதால் பல ஆலயங்களின் தளம் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. தளத்தை கிரானைட்டால் மூடினால் அந்த ஈரம் முழுவதும் சுவருக்குள் போகும். முதலில் மழைநீர்க் குழாயையும் வடிகாலையும் சரிசெய்யுங்கள். பிறகு சிமென்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை ஆறவிடுங்கள். அதற்குப் பின், ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று மெல்லிய படலமாகப் பூசி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் பதித்துக் கட்டிய தட்டைக் கூரை) ஒழுகினால் அதன்மேல் கான்கிரீட் போடவே கூடாது. 75 மி.மீ. கனத்துக்குப் போட்டாலே சதுர மீட்டருக்குச் சுமார் 180 கிலோ கூடும். சுவருக்குள் புதைந்த தேக்கு உத்தரத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகும் இடம். அந்தச் சுமையும் அங்கேயே இறங்கும். முனையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். மேலே பதித்த தட்டையான ஓட்டில் (தட்டோடு) கெட்டதை எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய், வெல்ல நீர் தெளித்து அடித்து, நீர் வடியும் சரிவோடு மறுபடி ஓடு பதிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதையாவது இடிக்க நினைத்தால், முதலில் சென்னை உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழுவின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஆலயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதிவேட்டை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை கெடும். பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது. ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் தையல் முறியும். பாதி திறந்த நிலையில் இருபுறமும் துணிச் சுருள் கொடுத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். பழைய புகைப்படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

பத்திரம் தேடும்போது ஆலயத்தின் பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அக்காலத்தில் மிஷன் அறங்காவலர் பெயரில் பதிவாகியிருக்கக்கூடும். சர்வே எண்ணைக் கொண்டு தேடுங்கள். இணைய வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்தை எட்டாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் ‘பிளாக் டவுன்’ என்று இருந்தால் அது இன்றைய ஜார்ஜ் டவுன். ‘பாப்ஹாம்ஸ் பிராட்வே’ இன்றைய பிரகாசம் சாலை.

கடைசியாக ஒன்று: ஞானஸ்நானப் பதிவேட்டில் சாதி, பெற்றோர் விவரம், பிறப்பு பற்றிய குறிப்புகள் எல்லாம் இருக்கும். அந்தப் பக்கங்களை அப்படியே மலரில் அச்சிட வேண்டாம். எண்ணிக்கையையும் ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.