இறால் கோபி வளர்ப்பில் முதல் தவறு மணலில்தான்

கோபி எனப்படும் உளுவை இனத்து மீனும், கொடுக்கால் சத்தமிடும் பிஸ்டல் இறாலும் ஒரே வளையில் குடியிருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் பலரும் இந்த ஜோடியை வாங்குகிறார்கள். ஆனால் கடல்நீர்த் தொட்டியை அமைக்கும்போது அந்த வளையை யாரும் நினைப்பதில்லை. மணலைக் கொட்டி, அதன்மேல் பாறையை அடுக்கிவிடுகிறார்கள். இறால் ஓயாமல் தோண்டும். அதுவும் பாறைக்கு அடியில்தான் தோண்டும். பிடிமானம் போன பாறை சரிந்தால் இறால் நசுங்கும், சில வேளை கண்ணாடியும் உடையும். ஆகவே தொட்டி காலியாக இருக்கும்போதே பாறையை அடிக்கண்ணாடியில் நேராக உட்கார வையுங்கள். கையால் அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்றால் மட்டும் மணல் போடுங்கள்.

மணல் 5 முதல் 8 செ.மீ. ஆழம் வேண்டும். வெறும் பொடி மணலில் வளையின் கூரை நிற்காது. 1 முதல் 3 செ.மீ. அளவுள்ள பவளத் துண்டுகளையும் சிப்பி ஓடுகளையும் கலந்துவிட்டால், இறாலே அவற்றைப் பொறுக்கிக் கூரைக்கு முட்டுக்கொடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள்: கொடுக்கால் மணலை வாரி வெளியே தள்ளும்போது அதன் மீசை ஒன்று மீனின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். இறாலுக்குக் கண்பார்வை மங்கல். மீன் வாலைத் துடிக்கவிட்டால் ஆபத்து என்று புரிந்துகொண்டு உள்ளே ஓடிவிடும்.

எல்லாப் பிஸ்டல் இறாலும் மீனோடு சேராது. மஞ்சள் வாட்ச்மேன் கோபிக்கு டைகர் பிஸ்டல் பொருந்தும். யாஷா போன்ற சிறிய கோபிகளுக்கு சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ராண்டல் பிஸ்டல் நல்லது. மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் டயமண்ட் கோபி வேறு வகை. அது இறாலோடு கூட்டுச் சேராது, சின்னத் தொட்டியில் இரை போதாமல் மெலிந்துபோகும்.

மூடி இல்லாத தொட்டியில் இறாலோடு சேரும் கோபியை விடவே கூடாது. மிரண்டால் துள்ளிவிடும், அதிலும் முதல் சில நாட்களில். 6 மி.மீ. கண்ணுள்ள வலை போடுங்கள். வயர் நுழையும் மூலையையும் அடையுங்கள்.

மீனும் இறாலும் வந்த கடைத் தண்ணீரின் உப்படர்த்தி 1.020 ஆகவும் உங்கள் தொட்டியில் 1.025 ஆகவும் இருக்கலாம். உப்படர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டையும் அளந்துவிட்டு, மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கடைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்க விடுங்கள். திடீர் மாற்றத்தை இறால் தாங்காது. வெண்புள்ளி நோய் வந்தால் மருந்துத் தேர்வில் கவனம்: செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும், பாறையிலும் மணலிலும் ஊறித் தங்கியும்விடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும்.

வளை வாசலை விட்டு இந்த மீன் அதிகம் விலகாது. மேலே தூவும் இரையை மற்ற மீன்கள் முடித்துவிடும். உறைந்த இரையான மைசிஸ் என்னும் குட்டி இறால்களை உருகவைத்து, நீண்ட பிப்பெட்டில் எடுத்து, தினம் இரண்டு முறை வாசலருகே விடுங்கள். இறாலுக்கென்று மூழ்கும் குருணை ஒன்றிரண்டு. ஹாக்ஃபிஷ், டாட்டிபேக் என்ற மீன் வகைகள் இரண்டையும் இந்தத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

ராத்திரியில் கண்ணாடி விரிசல் விட்டதுபோல் ‘டக்’ என்று கேட்டால் பதற வேண்டாம், அது இறாலின் பெரிய கொடுக்குச் சத்தம். வாசலில் இறால் செத்துக் கிடப்பதுபோல் தெரிந்தாலும் உடனே பாறையைத் தூக்காதீர்கள். உள்ளே ஒன்றுமில்லாத கூடாக இருந்தால் அது உரித்த சட்டை. புது ஓடு கெட்டியாகும்வரை இறால் சில நாள் உள்ளேயே பதுங்கியிருக்கும். அப்போது வளையைக் கிளறினால்தான் உண்மையிலேயே செத்துப்போகும்.